திருக்கையின் உடுப்பு

பதினேழாவது இதழில்
திருக்கையின் உடுப்பை மாற்றினேன்.
மாற்றியிருக்கக் கூடாது என்கிறது
மத்திய வீதியில் பாதி.

பழையது இப்படி:
நீலச் சட்டை, மஞ்சள் பெல்ட்,
முழங்கால் வரை மழைச் சப்பாத்து,
நீளக் களிசானுக்கு மேலே சிவப்பு ஜங்கி,
முதுகில் இரண்டு பாகம் அகலத்துக்குச் செட்டை.
புதியது முழுக் கறுப்பு.
செட்டை இல்லை. நெஞ்சில் தகடு.
முகமூடி மட்டும் அதே முகமூடி.
வரைந்து முடித்தபோது
வெளிநாட்டுக்குப் போய் வந்த ஆள் மாதிரி இருந்தார்.
எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பகலில் ஆட்டோக்களுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறேன்.
இரவில் இவர்.
இருபத்துநாலு பக்கம், போட்டோக்கொப்பி,
அட்டை மட்டும் கலர், நூற்றைம்பது ரூபாய்.

முதலில் வந்தவன் கேதீசன்.
"அக்கா, ஜங்கி எங்க?"
கடை முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.
அந்தச் சிவப்பைக் கண்டுதானே
கவிழ்ந்த மூதூர்ப் படகில் கிடந்த சனம்
வருவது திருக்கை என்று கை காட்டினது?
நாலாம் இதழ், ஒன்பதாம் பக்கம்.
நானே மறந்துவிட்ட பக்கம்.

ஜெஸீமா டீச்சருக்குச் செட்டை போனது சந்தோஷம்.
கச்சான் அடிக்கிற நேரம்
ஒரு குடையோடு கடற்கரை வீதியில் நடந்து பாருங்கள்,
இரண்டு பாகம் துணியோடு பறக்கிறதாம்.
துணி இல்லை, அது உடம்பில் முளைத்தது என்றான் கேதீசன்.
மூன்றாம் இதழில் கொடியில் காயப் போட்டிருக்கிறாரே என்றார் டீச்சர்.
உண்மைதான், காயப் போட்டிருக்கிறேன்.
கிளிப் போட்டு.
கோட்டை வாசல் மான் ஒன்று வந்து
ஓரத்தைச் சப்பும்.

அஸ்மியாவுக்குப் பதினொரு வயது.
கிண்ணியாப் பாலம் தாண்டி சனிக்கிழமைகளில் வருவாள்.
நீலமும் சரி கறுப்பும் சரி அவளுக்கு.
"பொக்கெட் ஒண்டும் இல்லியே.
பஸ் காச எங்க வெக்கிற?"
அவர் பறப்பாரே என்றேன்.
"எல்லா நாளுமா?"

வில்வராசா அண்ணன் ஐஸ் லொறி ஓடுகிறவர்.
எல்லா இதழும் வாங்குவார், எதுவும் சொல்லமாட்டார்.
அன்றைக்கு என்ஜினை நிற்பாட்டாமலே
கண்ணாடியை இறக்கினார்.
"பிள்ளை, உடுப்பு எதெண்டாலும் போடு.
முகமூடியைக் கழட்டு.
தலையில சாக்கைப் போட்டு
கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வெட்டி
ஒருத்தன் நிண்டவன், எங்கட வரிசைக்கு முன்னால.
அவன்ட தலை ஆடினால் ஆள் இல்லை.
எனக்கு ஆடேல்ல.
இப்பவும் ஓட்டைக்குள்ள கண்ணைக் கண்டால்
நான் கழுத்தைத்தான் பார்க்கிறன்."
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். போய்விட்டார்.

பதினேழு இதழ்.
ஒவ்வொரு கட்டத்திலும் நான் வெட்டிய
இரண்டு ஓட்டை.

இரவு கழற்றினேன்.
கழற்றின இடத்தில் முகம் இல்லை.
இத்தனை நாள் அவரை வரைந்தவளுக்கு
அவருடைய மூக்குத் தெரியாது.
கேதீசனின் சிரிக்காத வாயை வைத்துப் பார்த்தேன்,
பஸ்ஸில் எப்போதோ கண்ட புருவத்தை,
என் தம்பியின் தாடையை. அதை உடனே அழித்தேன்.
அழித்து அழித்துத் தாள் பஞ்சாகக் கிளம்பியது.
உள்துறைமுகத்தில் நின்ற கப்பல்
இரண்டு தரம் ஊதியது.
மூன்று மணிக்கு யாரோ ஒருவர் வந்திருந்தார்.
யாரென்று தெரியவில்லை,
ஆனால் பார்க்கலாம்.

பதினெட்டாம் இதழில்
நீலம் திரும்பி வந்தது, ஜங்கியும் வந்தது.
செட்டை பாதி.
அது டீச்சருக்கும் பிடிக்கவில்லை, கேதீசனுக்கும் பிடிக்கவில்லை.
இடுப்பில் பட்டன் வைத்த பொக்கெட்;
அஸ்மியா திறந்து பார்ப்பதுபோல் தடவிப் பார்த்தாள்.

வில்வராசா அண்ணன் இந்த முறை
என்ஜினை நிற்பாட்டி இறங்கினார்.
அட்டையைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர்
ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.
"காது கொஞ்சம் பெரிசு" என்றார்.

இப்போது அந்தக் காதைப் பற்றி
ஏழு பேர் கதைக்கிறார்கள்.